ரதியின் பாட்டு: மலையகக் காமன் கூத்தில் இசையும் சொல்லும்

காதற்பாட்டொன்றைக் கேட்டு மனம் நெகிழ்ந்தவரிடம், நெகிழ்வித்தது இசையோ சொல்லோ என்று வினவினால், அவர் உடனே விடை கூறுதல் அரிது. சொல்லே என்பாரேல், அதே சொற்களை உரைநடைபோல் வாசித்துக் காட்டும்போது அந்நெகிழ்ச்சி பெரும்பாலும் நிகழ்வதில்லை. இசையே என்பாரேல், தாலாட்டும் ஒப்பாரியும் ஏறத்தாழ ஒரே மெட்டில் அமைந்து வருதலை நாட்டுப்பாடல் ஆராய்வோர் எடுத்துக்காட்டுவர். ஒன்றைக் கேட்டுக் குழந்தை உறங்குகின்றது, மற்றொன்றைக் கேட்டுப் பிணத்தைச் சூழ்ந்தோர் அழுகின்றனர். ஆகவே, இசை வேறு சொல் வேறு எனப் பிரித்து எது பெரிதென வழக்காடுவதிற் பயனில்லை. இரண்டும் எவ்விடத்தில் ஒன்றையொன்று பற்றுகின்றன, எவ்விடத்தில் விலகி நிற்கின்றன என நோக்குதலே தக்கது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் மாசித் திங்களில் ஆடப்பட்டு வரும் காமன் கூத்து அவ்வாராய்ச்சிக்கு மிக ஏற்றதொரு களமாகும். அதில் ஒருத்தியே மணமகளாகவும், கணவனைத் தடுத்து வழக்காடும் மனைவியாகவும், அவனை இழந்தவளாகவும் நின்று பாடுகின்றாள்.

சொல்லும் இசையும் விலகுமிடத்தில் என்ன நேரும் என்பதனைத் தமிழிலக்கியம் நெடுங்காலத்திற்கு முன்னரே காட்டியுள்ளது. சிலப்பதிகாரத்துக் கானல்வரியில், புகார்க் கடற்கரையிற் கோவலன் யாழ் மீட்டிப் பாடுகின்றான். ஆற்றையும் கடலையும் பாடும் அப்பாட்டில் அவன் உள்ளத்தே வேறொருத்தி இருப்பதாக மாதவி கொள்கின்றாள். அவளும் யாழை வாங்கி, வேறொருவன்மேல் மனம் வைத்தாள்போலப் பாடுகின்றாள். இருவரும் இசையிற் பிழை செய்தாரல்லர். பாட்டின் குறிப்பே பிழைபட உணரப்பட்டது. யாழின் இனிமை அவ்வையத்தைத் தீர்க்கவில்லை. தீர்க்காததோடு, வெறும் உரையாடலாயின் மறந்து போயிருக்கக்கூடிய சொற்களை நெஞ்சில் ஆழப் பதித்தும் விட்டது. இசையின் இயல்பு அதுவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாங் காற்பகுதி தொட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்குமாகத் தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி முதலிய பகுதிகளிலிருந்து வந்த மக்கள், கையிற் கொண்டுவந்த உடைமை சிறிதே. நெஞ்சிற் கொண்டுவந்தவை பல. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு, காமன் கூத்து ஆகிய மூன்றும் அவற்றுட் சிறந்தவை. தஞ்சைப் பகுதியில் மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' என்று பிரிந்து இலாவணி பாடும் வழக்கம் புகழ்பெற்றது. அவ்வழக்காட்டத்தில் அறிவின் கூர்மை முன்னிற்கும். மலையகத்திலோ வழக்கைவிடக் கதையும் ஆட்டமும் முன்னின்றன. நாள் முழுதும் மலையேறி உழைத்தவர் இரவிற் கூடியிருந்து கேட்க விரும்பியது தருக்கத்தையன்று, ரதியை என்று கொள்ளுதல் தவறாகாது.

மாசி மாதத்து வளர்பிறையிற் கரும்பும் வைக்கோற்புரியும் சேர்ந்த கம்பம் ஊன்றப்படுவதோடு விழாத் தொடங்குகின்றது. அவ்விடத்தைக் காமன் பொட்டல் என்பர். ரதி, மதன் வேடம் பூணுவோர் விரதம் காக்கின்றனர். ரதியாக ஆடுபவனும் ஆடவனே என்பது பழைய மரபு. கதை யாவரும் அறிந்ததே. சிவபெருமானின் தவத்தைக் கலைக்குமாறு தேவர்கள் மன்மதனை ஏவுகின்றனர், ரதி தீக்கனவு கண்டு அவனைத் தடுக்கின்றாள், அவன் கேளாது சென்று கணை தொடுக்கின்றான், நெற்றிக்கண் திறக்க நீறாகின்றான், ரதி புலம்புகின்றாள், அவள் கண்ணுக்கு மட்டும் புலப்படும்படி அவன் மீண்டும் எழுப்பப்படுகின்றான். தூதன், நந்தி, வீரபத்திரன், எமன், குறவன் குறத்தி, கோமாளி எனப் பலர் வந்து போயினும் கூத்தின் உயிர் ரதியின் பாட்டிலேயே உள்ளது.

அப்பாட்டைத் தாங்குவது தப்பு. வட்ட மரச்சட்டத்திற் போர்த்த தோல் அது. ஒரு கையிற் குறுகிய தடித்த கோலும் மறு கையில் நீண்ட மெல்லிய கோலும் கொண்டு அடிக்கப்படும். தடித்த கோல் ஆழ்ந்த ஓசையையும், மெல்லிய கோல் கூரிய ஓசையையும் எழுப்பும். அடிக்கு முன் வைக்கோற் சருகு கொளுத்தித் தோலைக் காய்ச்சுவர். ஈரம் நீங்கத் தோல் இறுகும். இறுகச் சுருதி ஏறும். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாப் பகுதியின் பனியிரவில் அத்தோல் விரைவிற் தளர்ந்துவிடுதல் இயல்பு. ஆதலால் தப்படிப்போர் இடையிடையே நெருப்பை நாடுவது ஓய்வுக்காக மட்டுமன்று.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். தோட்டத்து மக்களுக்குத் தப்பு ஒரு வாத்தியம் மட்டுமன்று. ஏறக்குறைய ஒரு மொழி. விடியற்காலையிற் பிரட்டுக் களத்திற்கு ஆளை அழைத்ததும் அது. கோயில் விழாவில் முழங்கியதும் அது. மணத்தில் ஒலித்ததும், பிணத்தின் முன் சென்றதும் அதுவே. மலைநாட்டுக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை (1914 – 1984) தேயிலைத் தோட்டத்து வாழ்வை ஆங்கிலத்தில் நெடும்பாட்டாகப் பாடியபோது விடியலிற் கேட்கும் பறையொலியையே முன்வைத்தார். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனி அடி உண்டு. சுவருக்கு அப்பால் இருந்து கேட்பவரும் இது கலியாண அடி, இது சாவு அடி என அறிவர். எனவே, காமன் பொட்டலில் ரதி வாய் திறக்கும் முன்னரே பாட்டின் பாதி பாடப்பட்டு விடுகின்றது. சொல் வந்து சேருமிடம் வெற்றிடமன்று. தப்பு முன்னமே உழுது வைத்த நிலம்.

மணக்கோலத்தில் ரதியும் மதனும் ஆடிவரும்போது வரும் பாட்டுகளிற் சொல்லுக்கு வேலை குறைவு என்றே கூறவேண்டும். அடிகள் குறுகியவை, சீர்கள் விரைவானவை, அடியின் இறுதி தாளத்தில் வந்து விழும். பொருளென்று பார்த்தால் மதனின் கோல வருணனையே பெரும்பகுதி. கரும்பு வில், வண்டு நாண், தென்றற் தேர், மீன்கொடி, தாமரையும் மாம்பூவும் அசோகும் முல்லையும் நீலமுமாகிய ஐங்கணை என வரிசையாக அடுக்கப்படும். கேட்போர் அவ்வருணனையை ஆராய்ந்து மகிழ்வதில்லை; கால் ஆடும் ஆட்டத்திலே மகிழ்கின்றனர். தொல்காப்பியர் செய்யுளியலில் வகுத்த இருபது வண்ணங்களுட் குறுஞ்சீர் வண்ணம், முடுகு வண்ணம் என்பவற்றின் இயல்பை இப்பாட்டுகளிற் காணலாம். குற்றெழுத்து மிக்கு விரைந்து செல்லும் ஓசை, பொருளுக்கு முன்னே உவகையைக் கொண்டுவந்து நிறுத்துகின்றது. கொழுந்து மலையில் நிரையாக நின்று பாடும் தெம்மாங்கிற்கும் இதற்கும் உறவு உண்டு. கைவேலையோடு பிறந்த பாட்டு விரைவை இயல்பாகவே அறியும்.

அடுத்து வருவது தருக்கப் பாட்டு. காமன் கூத்திற் கலைச்சிறப்பு மிக்க பகுதி, பலரும் எண்ணுவதுபோலப் புலம்பலன்று. இத்தருக்கமே எனல் பொருந்தும். மதன் புறப்படுகின்றான், ரதி தான் கண்ட கனவைச் சொல்லித் தடுக்கின்றாள். அவன் ஒரு பாட்டுப் பாட, அவள் ஒரு பாட்டால் மறுக்கின்றாள். மெட்டு இன்னும் துள்ளுகின்றது. தப்பு இன்னும் ஆடற்கதியை விடவில்லை. சொல்லோ அஞ்சத் தொடங்கிவிட்டது. மெட்டு களிக்க, சொல் நடுங்கும் இந்நிலை கேட்பவரை ஒரு விதமான இடர்ப்பாட்டில் நிறுத்துகின்றது. கால் தாளத்தோடு அசைகின்றது, நெஞ்சு அசைய மறுக்கின்றது. மதன் காதில் விழுவது மெட்டு. அவையோர் காதில் விழுவது சொல். முடிவை அவன் அறியான், அவையோர் அறிவர். துன்பத்தைத் துன்ப இசையாற் பாடுதல் எளிது. இன்ப இசைக்குள்ளே துன்பத்தை வைத்துப் பாடுதல் அரிது. நாடகப் பள்ளி எதனையும் அறியாத கூத்து வாத்தியார்கள் தலைமுறை தலைமுறையாக இதனைச் செய்து காட்டினர்.

ரதி மொழிவன அனைத்தையும் பிழிந்து ஒரு சொல்லாக்கினால், மதன் போகுமுன் அது 'போகாதே' என்பதாகும். போனபின் 'போனாயே' என்பதாகும். இவ்விரு சொற்களையும் அருகருகே வைத்துப் பார்த்தல் நன்று. இரண்டிலும் மூன்று எழுத்துகள். மூன்றும் நெடில். முதலெழுத்தும் ஒன்றே. ஓசையளவில் இரண்டும் ஒரே அச்சிற் வார்த்தவை போலத் தோன்றுகின்றன. எனினும் முதற் சொல்லில் இடையிலும் கடையிலும் வல்லினமாகிய ககரமும் தகரமும் நிற்கின்றன. உயிர்களின் நடுவே அவை மென்மையடையினும், மூச்சைச் சற்றே தடுத்து நிறுத்தும் இயல்பை இழப்பதில்லை. ஆகவே அச்சொல்லைத் தாளத்தோடு வெட்டி வெட்டிப் பாடலாம். ஊடலாகவும் பாடலாம், கட்டளையாகவும் பாடலாம். இரண்டாவதில் அவ்விடங்களைப் பிடித்தவை மெல்லினமாகிய னகரமும் இடையினமாகிய யகரமும். னகரம் மூக்கில் நின்று முரலும். யகரம் தடையின்றி அடுத்த உயிருக்குள் வழுகும். அதனை வெட்டிப் பாட முயன்றாலும் அது நீண்டு இழுபடும். தடுக்கும் சொல்லில் தடை ஒலியும், தடுக்க இயலாத சொல்லில் தடையற்ற ஒலியும் அமைந்தது தமிழ் இலக்கணத்தின் தற்செயலாகவே இருக்கலாம். ஆயின் பாடுபவன் அத்தற்செயலைத் தவறவிடுவதில்லை.

நெற்றிக்கண் திறந்த பின்னர் வரும் புலம்பல், வடிவத்தில் ஒப்பாரியே. தப்பின் விரைவு அடங்குகின்றது, அடிகள் நீளுகின்றன, ஒவ்வோர் அடியின் இறுதியிலும் நெட்டுயிர் மூச்சுள்ளவரை இழுக்கப்பட்டுத் தாழ்ந்து முடிகின்றது. நெடுஞ்சீர் வண்ணம், அளபெடை வண்ணம், தூங்கல் வண்ணம் எனத் தொல்காப்பியம் பெயர் சூட்டியவற்றை ஏடு காணாத பாடகர் தம் மூச்சினாலேயே கண்டறிந்தனர். இம்மெட்டுக்கு இராகப் பெயர் தேடுவோர் உளர். சிலர் முகாரி என்பர், சிலர் புன்னாகவராளி என்பர். அவ்வாராய்ச்சி குற்றமற்றதே எனினும் பெரும் பயன் தருவதன்று. நாட்டு மெட்டுகளைச் செம்மைப்படுத்தியே அத்தகைய இராகங்கள் சில தோன்றின என்பாரும் இசைநூலாருள் இருத்தலால், பேரனின் பெயரைக்கொண்டு பாட்டனை அழைப்பதுபோல ஆகிவிடும்.

புலம்பலில் மிக நுட்பமான செய்தி சொற்களைப் பற்றியது. புதிய சொற்கள் இங்கு அதிகம் வருவதில்லை. மணப்பாட்டில் அடுக்கிய அதே வில், அதே நாண், அதே தேர், அதே மலர்கள் மீண்டும் வருகின்றன. முன்னர் அவை கோலம். இப்போது அவை எஞ்சிய பொருள்கள். இறந்தவனின் உடைமைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி அழுவது ஒப்பாரியின் மரபு. லயத்தில் ஒருவன் இறந்தால் அவன் மண்வெட்டியையும் கம்பளியையும் சொல்லி அழுவதுபோல, ரதி கரும்பு வில்லைச் சொல்லி அழுகின்றாள். சொல் மாறவில்லை; அச்சொல்லைத் தாங்கிய இசை மாறியது; உவகை அழுகையாயிற்று. தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாட்டில் இவ்விரண்டும் எதிரெதிர் நிற்பவை. அவற்றுக்கிடையே உள்ள தொலைவைக் கடக்க இக்கூத்திற்கு வேண்டியது ஒரு தாளமாற்றமே. ரதியாக நிற்பவன் அடுத்த லயத்து இளைஞன் என்பதையும், பகலிற் கவ்வாத்து வெட்டியவன் என்பதையும் நன்கறிந்த பெண்களே அவ்விடத்திற் கண்ணீர் விடுகின்றனர்.

கடல்கடந்த வேறொரு தோட்டத்து மக்களின் இசையை இங்கு ஒப்புநோக்குதல் தகும். அமெரிக்காவின் தென்மாநிலப் பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்களின் வயற்பாட்டுகளிலிருந்தும் வழிபாட்டுப் பாட்டுகளிலிருந்தும் 'புளூஸ்' என்னும் இசை பிறந்தது. சுரவரிசையின் மூன்றாம் ஏழாம் சுரங்களைச் சற்றே தாழ்த்திப் பாடுவதும், முதலடியை மீண்டும் ஒருமுறை பாடி மூன்றாமடியில் விடையிறுப்பதும் அதன் அடையாளங்கள். 1950களில் அதனையும் வேறு சில இசைகளையும் அடியாகக் கொண்டு எழுந்ததே உலகெங்கும் இளைஞரைக் கவர்ந்த 'ராக்' இசை. நான்கு தட்டுகளில் இரண்டாவதும் நான்காவதுமாகிய தட்டுகளுக்கு அழுத்தம் கொடுக்கும் முழவும், மின்விசை ஏற்றிய கிதாரும் அதன் உறுப்புகள். அவ்விசைக்காரரும் ரதியின் வாத்தியார் அறிந்ததை அறிந்திருந்தனர். பீட்டில்ஸ் குழுவினர் 1965 ஆம் ஆண்டில் 'யெஸ்டர்டே' என்னும் பிரிவுப் பாட்டை வெளியிட்டபோது, அதில் முழவை முற்றாக நீக்கி, ஒரு குரலும் ஒரு கிதாரும் நான்கு வில்வாத்தியங்களும் மட்டுமே வைத்தனர். முழவுக்குப் பெயர்போன குழு முழவை நிறுத்திய அந்த அமைதியே பிரிவைக் கூறிற்று. துள்ளும் மெட்டிற் துயரச் சொல்லை வைப்பதும் ராக் காதற்பாட்டுகளிற் பெருவழக்கு. இரு தோட்டங்களும் ஒன்றையொன்று அறியா. அறியாமலே இரண்டும் ஒரே வழியைக் கண்டன.

பாட்டின் உணர்வைப் பாடுபவரும் அடிப்பவரும் மட்டும் ஆக்குவதில்லை. கேட்பவர் கொண்டுவரும் நினைவும் ஆக்குகின்றது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்கள், 1964 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆந் திகதி செய்துகொள்ளப்பட்ட சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கையால் எண்ணிக்கைகளாகப் பங்கிடப்பட்டனர். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்பது அக்கணக்கு. எஞ்சிய 150,000 பேரும் 1974 ஆம் ஆண்டிற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு ஒரு நாடும் மற்றவருக்கு வேறொரு நாடுமாயின. தலைமன்னாருக்கு மக்களை ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு 'அழுகைக் கோச்சி' என்று பெயர் வழங்கியது. அவ்வாண்டுகளில் அட்டனிலும் தலவாக்கலையிலும் சூழ்ந்துள்ள தோட்டங்களின் பொட்டல்களில், போகாதே என்று ரதி தடுத்தபோது, கேட்டிருந்தவர் புராணக் கதையை மட்டும் எண்ணியிருப்பர் எனல் பொருந்தாது. பாட்டின் சொல் ஓரெழுத்தும் மாறவில்லை. மெட்டும் மாறவில்லை. அதன் எடை மட்டும் கூடியது.

அண்மைக் காலத்தில் ஒலிபெருக்கியும் மின்விசைப் பலகை வாத்தியமும் சில இடங்களிற் கூத்துக்குள் புகுந்துள்ளன. திரைப்பட மெட்டுகளும் புகுந்துள்ளன. மெட்டை இரவல் வாங்குதல் தன்னளவிற் குற்றமாகாது. கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மை, மக்கள் நன்கறிந்த மெட்டுகளிற் பாடல் இயற்றித் தோட்டத் தொழிலாளரிடையே பாடினார்; அறிந்த மெட்டு, அறியாத கருத்தை எளிதில் வீட்டுக்குள் கொண்டுசென்றது. கிளர்ச்சிப் பாட்டுக்கு அது துணை. ரதியின் பாட்டுக்கு அது தடை. திரைப்பட மெட்டொன்று எழும்பியதும் அப்படத்தின் காட்சியும் உடன் எழும்பிக் கேட்பவர் கண்முன் நிற்கும். பொட்டலில் நிற்கும் ரதி மறைந்துபோவாள். அன்றியும் ஒலிபெருக்கி எல்லா ஓசையையும் ஒரே அளவாக உயர்த்துதலால், தப்பு அடங்கும் அவ்வொரு நொடியின் பொருள் கெடுகின்றது.

இதனினும் பெரிய இடர் வேறொன்று. தப்படித்தலைச் சாதி இழிவோடு பிணைத்து நோக்கிய பழைய மனப்பான்மையால், அக்கலையைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பெற்றோர் பலர் விரும்பவில்லை. அவர்களைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை. தப்பை இழித்தோர் அவர்களல்லர். ஆயினும் விளைவு விளைவே. சி. வி. வேலுப்பிள்ளை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று தொகுத்தளித்ததுபோன்ற நூல்களால் பாட்டுகள் பல அழியாது நின்றன, அத்தொண்டு பெரிது. எனினும் ஏட்டில் ஏறியவை சொற்களே. எந்தப் பாட்டுக்கு எந்த அடி, எவ்விடத்தில் அடி மாறுகின்றது, எவ்விடத்தில் தப்பு அடங்குகின்றது, எவ்வுயிர் எத்துணை நேரம் இழுக்கப்படுகின்றது என்பன தாளில் இல்லை. முதிய வாத்தியார்களின் கைகளிலும் மூச்சிலும் உள்ளன. கையடக்கத் தொலைபேசியே ஒலிப்பதிவுக் கருவியாகிவிட்ட இந்நாளில், காமன் கூத்துப் பாட்டைப் பதிவு செய்ய முனையும் மாணவர் ரதியின் குரலருகே மட்டும் கருவியைப் பிடிக்காமல், இன்னொன்றைத் தப்புக்காரர் அருகிலும் வைத்தல் வேண்டும். பாட்டு முடிந்த பின்னர் அவரிடம் அமர்ந்து, அடிகளின் பெயர்களை அவர் வழங்கும் சொற்களிலேயே எழுதிக்கொள்ளல் வேண்டும்.